கொடம்புளி மூட்டில் ஊற்றியது

மக்ளே,

நம் ஊரில் பெற்றது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அதை மக்களே என்றுதான் கூப்பிடுவோம். வாயால் சொல்லும்போது அதில் ஒரு குறையும் இல்லை. காகிதத்தில் எழுதினால் ஓட்டுக் கேட்டு வந்தவன் மாதிரி இருக்கிறது. எழுதி, அடித்து, கடைசியில் உச்சரிக்கிறபடியே விட்டுவிட்டேன். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க மற்றவர்களின் கடிதங்கள் மேல் முத்திரை குத்தினேன். நானாக எழுதிய நீளமான கடிதம் என்று பார்த்தால், உன் அம்மாவைப் பெண் பார்த்துவிட்டு வந்து திருவட்டாற்றுக்கு எழுதிய ஒன்றுதான். அதில் மழையைப் பற்றியே ஒன்றரைப் பக்கம் இருந்தது என்று அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தக் கடிதத்தில் மழை வராது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வேறு வழிகள் தெரியும் என்றாலும், அவற்றையும் இந்த முறை விட்டுவிடப் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ இரண்டு கேள்வி கேட்டாய். ஜெர்மனியில் குளிர் தாங்கவில்லை, வீட்டிலேயே கிடக்கிறேன், கையால் ஒரு சர்க்யூட் போர்டு செய்து பார்க்கப் போகிறேன் என்றாய். வரைந்து அனுப்பினால் சீனாவிலிருந்து பச்சைப் பளபளப்போடு வந்து இறங்கும் பொருள் அது. அதை வரைவதையே உத்தியோகமாகச் செய்கிற நீ, சமையலறை மேஜையில் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்க ஆசைப்படுவது எனக்குப் புரிந்தது. பிரியாணிக் கடைக்காரன் வீட்டுக்கு வந்து கஞ்சி கேட்பது மாதிரி. "அப்பா, செம்பு கரைக்கதுக்கு நீங்க எந்த மருந்து போட்டீங்க?" இது முதல் கேள்வி. "மிச்சத்த என்ன செஞ்சீங்க?" இது இரண்டாவது. முதலாவதற்குப் பாதி பதில் சொன்னேன். இரண்டாவதற்கு, "சிக்னல் சரியில்ல மக்ளே" என்று சொல்லிப் போனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. செல்போன் கோபுரத்துக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவனுக்கு அது எப்படிக் கெடும்?

நான் போனை வைத்ததற்குக் காரணம் இரண்டாவது கேள்வி மட்டும் இல்லை. அதற்குச் சற்று முன்னால், உன் முதுகுக்குப் பின்னே ஜன்னலில் ஒரு தொட்டிச் செடி தெரிந்தது. அகல அகலமான இலை, ஒரு பழுப்பு இல்லை. "அது என்ன செடி?" என்று கேட்டேன். "பிளாஸ்டிக்ப்பா. இவரு நெசச் செடி வாங்குவோம்னு சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். நான் தொட்ட ஒண்ணும் தழைக்காதே" என்று சிரித்தாய். பின்னால் நின்ற மாப்பிள்ளையும் சிரித்தார். அந்த வாக்கியம் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு, கடல் தாண்டி ஒரு ஜன்னலில் அது உட்கார்ந்திருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

முதல் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் எனக்குப் பயம் இல்லை. பலகையின் மேல் செம்புத் தகடு ஒட்டியிருக்கும். அதில் மின்சாரம் ஓட வேண்டிய கோடுகளைப் பெயிண்டால் வரைகிறோம். வரைந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற செம்பையெல்லாம் தின்றுவிடுகிற ஒரு தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. நான் போட்டது பெரிக் குளோரைடு. மஞ்சளாகக் கட்டி கட்டியாக வரும். தண்ணீரில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, சூடேறித் தெறிக்கும். உலோகப் பாத்திரம் ஆகாது. ஸ்டீல் சிங்கில் சிந்தினால் சிங்கையும் சேர்த்துத் தின்னும். மற்றபடி பொறுமையான மருந்து, அதிகம் புகையாது, வருஷக்கணக்கில் கெடாது. ஒரே குணக்கேடு, கறை. கடும் தேயிலை நிறத்தில், பட்ட இடத்தை விட்டுப் போகவே போகாது. என்னிடம் கறை இல்லாத வேட்டி இரண்டுதான் இருந்தது. ஒன்று கல்யாணங்களுக்கு, இன்னொன்று சாவு வீட்டுத் துட்டிக்கு. இரண்டும் ஒரே நாளில் வராதவரை மானத்தோடு வாழ்ந்தேன்.

கக்கூஸ் கழுவுகிற ஆசிடோடு பெராக்சைடு சேர்த்துச் செய்யலாம் என்று கணினியில் எழுதியிருப்பார்கள். வேகமாக வேலை முடியும். ஆனால் அதன் ஆவி அறையில் இருக்கிற இரும்பையெல்லாம் தேடிப்போய்ப் பிடிக்கும், உன் நுரையீரலையும் விடாது. நான் ஒரே ஒரு தடவை செய்தேன். அந்த வாரமே அம்மாவின் தையல் மிஷின் துருப்பிடித்தது. கடல்காற்று என்று சொன்னேன். சுசீந்திரத்துக்கும் கடலுக்கும் உள்ள தூரம் அவளுக்குத் தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நம்பிவிட்டாள் என்று கணக்குப் பண்ணுவது என் வழக்கம்.

உனக்கு நான் சொல்வது சோடியம் பெர்சல்பேட். வெள்ளைப் பொடி. கரைத்தால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும், செம்பு கரையக் கரைய நீலமாகும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிகிற ஒரே மருந்து அது. வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். துணியில் தெறித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, துவைத்து எடுக்கும்போது ஓட்டை இருக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள், ஜன்னலைத் திறந்து வை, அதற்கு எடுத்த டப்பாவைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதே. ஒன்று முக்கியம். கரைத்ததை பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடி வைத்துவிடாதே. அது சும்மா இருப்பது போலத் தோன்றும், ஆனால் உள்ளே வாயு விட்டுக்கொண்டே இருக்கும், ஒருநாள் பாட்டில் வெடிக்கும்.

வினிகரும் உப்பும் பெராக்சைடும் சேர்த்து இயற்கை முறை என்று ஒன்று சொல்கிறார்கள். இயற்கை என்று எழுதியிருந்தால் அதைச் சாக்கடையில் ஊற்ற மனச்சாட்சி உறுத்தாது, அதற்காகத்தான் எழுதுகிறார்கள். வினிகர் நல்ல பிள்ளைதான். ஆனால் அதில் கரைந்து கிடக்கிற செம்பு, தன்னைக் கரைத்தது வினிகரா ஆசிடா என்று பார்த்து நடந்துகொள்வதில்லை. மீனுக்கும் மண்ணுக்கும் அது ஒரே செம்புதான். கடையில் வாங்குகிற மருந்தைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது வேலை முடிந்தபின் கையில் மிஞ்சுவதற்கு. ஆகவே எது சீக்கிரம் தின்னும் என்று பார்க்காதே. தின்று முடித்ததை யாரிடம் கொடுக்க முடியும் என்று பார்த்து வாங்கு. உங்கள் ஊரில் அதற்கென்று ஒரு கிடங்கு உண்டு, பெயர் எழுதி ஒட்டிக் கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றாய். பாக்கியம்தான்.

இனி இரண்டாவது கேள்வி.

நம் ஊரில் எந்த மிச்சத்துக்கும் ஒரே முகவரிதான், மரத்து மூடு. அரிசி கழுவிய தண்ணீர் வாழை மூட்டுக்கு, மீன் கழுவியது தென்னை மூட்டுக்கு, குளித்த தண்ணீர் எந்த மூடு பக்கத்தில் இருக்கிறதோ அதற்கு. மரத்தின் அடியில் ஊற்றிய எதுவும் வீண் இல்லை என்பது இங்கே எல்லா ஜாதி மதத்துக்கும் பொதுவான நம்பிக்கை. அம்மா ஊர்ப்பக்கம் மீன்குழம்புக்கு கொடம்புளிதான் போடுவார்கள். கிழக்கே நம் வீட்டில் சாதாரணப் புளி. கல்யாணமாகி வந்தபிறகு அவள் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டென்றால் அது இந்தப் புளி. நீ நடக்கத் தொடங்கிய வருஷம் திருவட்டாற்றிலிருந்து ஒரு கன்று கொண்டுவந்து கொல்லையில் நட்டாள். கொடம்புளியில் ஆண் மரம் உண்டு, பெண் மரம் உண்டு. எது என்று பூத்தால்தான் தெரியும், பூக்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும். அத்தனை வருஷம் வளர்த்தபின் ஆண் என்று தெரிந்தால் நிழலில் நிற்கலாம், அவ்வளவுதான். அவள் காத்திருந்தாள். கொல்லைக் குளியலறையிலிருந்து தண்ணீர் மரத்துக்குப் போகும்படி தன் கையால் ஓடை வெட்டிவிட்டாள். நீ பத்தாம் வகுப்பு படிக்கிறபோது மரம் பூத்தது. பெண் மரம். சின்னப் பூசணி மாதிரி பச்சைப் பச்சையாகக் காய் பிடித்தது. அவள் தினமும் காலையில் போய் எண்ணுவாள். எண்ணிக்கையை யாரிடமும் சொல்ல மாட்டாள், கண்பட்டுவிடும்.

அந்த வருஷம்தான் எனக்கும் யோகம் அடித்தது. நாகர்கோவிலில் ஆம்ப்ளிபயர் விற்கிற ஒருவர் போர்டு செய்து தரச் சொல்லி மொத்தமாக ஆர்டர் கொடுத்தார். கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் ஒரே போர்டுதான், அது மதம் மாறாமலே இரண்டு இடத்திலும் முழங்கியது. கொல்லைக் குளியலறையை நான் பட்டறையாக்கினேன். மருந்து கேன் கேனாக மிஞ்சியது. முதலில் ஒதுக்கி வைத்தேன். அப்போது அம்மாவின் தம்பி, உன் மாமன், வந்திருந்தான். ரப்பர் தோட்டக்காரன், மரத்தைப் பற்றி அவன் சொன்னால் சட்டம். "அத்தான், துருசு அடிக்காம ரப்பர் நிக்குமா? ஒரு மழைக்கு எல பூரா உதுந்து போவும். கமுகுக்கும் அதாக்கும் மருந்து" என்றான். துருசு என்றால் மயில்துத்தம், அதாவது செம்பு. என் கேனில் இருப்பதும் செம்பு. கூடவே இரும்பு வேறு. படித்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? காசு கொடுத்து வாங்கி மரத்துக்கு அடிக்கிற பொருள் என் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று ஒரு நிறைவோடு ஓடையில் ஊற்றினேன். ஆறு மாதம் ஊற்றினேன். துருசை நிறையச் சுண்ணாம்பு சேர்த்து இலையில் தெளிக்கிறார்கள், ஆசிட் காரத்தோடு வேரில் கொட்டுவதில்லை என்பதை நான் பிற்பாடு நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். புத்தகத்தில் தப்பில்லை, நான் பிந்தித்தான் படித்தேன்.

நீ அந்த வருஷம் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு கருவி செய்தாய். மாடித் தொட்டி நிறைந்தால் கூவும். போர்டை நீயே வரைந்து, என் மருந்தில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா அளவு எடுத்து நீயே முக்கினாய். முடிந்தபின் என்னிடம் வந்து, "அப்பா, சலவைச் சோடா இருக்கா?" என்று கேட்டாய். எதற்கு என்றேன். "மிச்சத்துல போட்டா நொர வரும். நொர நின்னா செம்பு அடியில தங்கிரும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு." நான், "ஆமா, பெரிய தொழிற்சாலை" என்று கேலி செய்தேன். நீ சோடா போட்டு, தெளியவிட்டு, அடியில் தங்கியதைக் காகிதத்தில் வடிகட்டி வைத்துக்கொண்டு, மேல் தண்ணீரை மட்டும் ஓடையில் விட்டாய். ஒன்றரைத் தம்ளர் இருக்கும். அந்த வீட்டில் அந்த மருந்தை முறையாகக் கையாண்ட ஒரே ஆள் நீதான் மக்ளே. பதினைந்து வயது உனக்கு.

கண்காட்சி முடிந்து சில வாரத்தில் மரம் உச்சியிலிருந்து மஞ்சளித்தது. காய் எல்லாம் பிஞ்சாகவே உதிர்ந்தது. கார்த்திகைக்குள் மரம் பட்டுப்போனது. அம்மா ஓடைக்கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். நான் பின்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், நீ பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய்.

"ஓட பூரா காவிக்கறையால்லா கெடக்கு. யாரு ஊத்துனா?"

"நான் கொஞ்சம் ஊத்துனேம்மா. சோடா போட்டுத்தான் ஊத்துனேன்" என்றாய்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பிள்ள ஊத்துனதுலயா மரம் போச்சு?"

நான், "ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அதைவிடச் சின்னதாக ஒரு பொய்யைச் சொல்ல முடியாது. சின்னதாக இருந்ததால் அதைப் பொய் என்றே எனக்குப் பல வருஷம் தோன்றவில்லை. அவள் உன்னைப் பார்த்து, "நீ தொட்ட ஒண்ணும் தழைக்காது கேட்டியா" என்றாள். நீ ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். நான் பேப்பரைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் என்ன இருந்தது என்று இப்போதும் சொல்வேன், மல்லுக்கட்டிச் சண்டை போடுகிற இரண்டு கட்சிக்காரர்களின் அறிக்கை. அவர்கள்கூட ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்ததாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வருஷம் பிளஸ் ஒன் சேர வெளியூர் ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்றாய். பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாத மாதிரி. அதற்குப் பிறகு நீ இந்த வீட்டுக்கு வந்ததெல்லாம் விடுமுறைக்கு வந்ததுதான். பரிசு வாங்கிய அந்தக் கருவியை நம் தொட்டியில் மாட்டவே இல்லை. நீ போன அன்றைக்கு அம்மா என்னிடம், "இனி அந்தத் தண்ணிய எந்த மரத்து மூட்டுலயும் கொண்டு ஊத்தப்படாது" என்றாள். சரி என்றேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் எதற்குச் சொல்கிறாள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு மிஞ்சியதையெல்லாம் எண்ணெய்க் கேன்களில் நிரப்பிக் குளியலறையில் அடுக்கினேன். ஆர்டர் நின்றது, பட்டறை நின்றது, மூன்று கேன் நின்றுகொண்டே இருந்தது. அம்மா போனபிறகு வீட்டில் என்னோடு குடியிருப்பது அவைதான்.

உன் போனை வைத்த மறுநாள் அவற்றை ஒழித்தே தீருவது என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை, எல்லாவற்றிலும் அதே மின்விசிறிதான். அங்கிருந்த தம்பி மரியாதையான பையன்.

"மக்குத குப்பையா, மக்காத குப்பையா சார்?"

"செம்பு கரைஞ்ச தண்ணி."

"தண்ணின்னா குப்பையில்லையே. பின்ன என்னத்துக்கு இங்க வந்திய?"

"எங்க கொண்டு குடுக்கணும்னு கேக்க வந்தேன்."

அவன் உண்மையிலேயே யோசித்தான். பிறகு கேட்டான், "வீட்டுல மரம் ஏதாவது நிக்கா?"

"நிக்கல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ பதினைந்து வயதில் செய்ததை நான் எழுபதில் செய்தேன். சலவைச் சோடா வாங்கினேன். கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த கருப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொல்லையில் திறந்தவெளியில் பெரிய பிளாஸ்டிக் வாளியை வைத்து, கால்வாசி மருந்து ஊற்றி, சோடாவைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டேன். அவசரப்பட்டால் நுரை வாளியைத் தாண்டி வரும். நுரை அடங்கும்வரை நின்று, மறுபடி போட வேண்டும். பக்கத்தில் பேச ஆள் இல்லாதவனுக்கு ஏற்ற வேலை. இப்படி ஒரு கேன் முடிய ஒரு காலை போகும்.

புதன்கிழமை செலின் வந்தாள். கடியப்பட்டணத்திலிருந்து ஸ்கூட்டரில் மீன்பெட்டி வைத்துக்கொண்டு வருவாளே, அம்மாவிடம் அரைமணி நேரம் பேசிவிட்டுக் கால் கிலோ விற்றுப் போகிறவள். இப்போது என்னிடம் நெத்திலியோ சாளையோ கொடுத்துவிட்டு உடனே போய்விடுவாள். அன்று கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"என்ன செய்யிதிய சாரே? கண்ணாடியும் கிண்ணாடியுமா? சினிமாவுக்கு எடுத்திட்டாவளா?"

"பழைய மருந்து. போர்டு கரைச்ச தண்ணி."

"ஓ, கொடம்புளிக்கு ஊத்துன தண்ணியா?"

சோடாவைக் கீழே வைத்தேன். "ஒனக்கு யாரு சொன்னா?"

"அக்காதான். எங்க வீட்டு ஆளு மருந்து ஊத்தி என் மரம் பட்டு போச்சு செலினேன்னு. பின்ன எதுக்கு நான் கடேசி வரைக்கும் மீனோட கொடம்புளியும் வாங்கிட்டு வந்தேன்?"

"மகள்தான் ஊத்துனான்னு சொன்னாளா?"

"அது படிக்குத பிள்ளையில்லா, அது என்னத்த ஊத்திச்சு? அக்கா சாரத்தான் சொல்லும். வேட்டியில உள்ள கறையும் ஓடையில உள்ள கறையும் ஒண்ணுதாம்னு சொல்லிச் சிரிக்கும். மொதல்ல அழும், பெறவு சிரிக்கும்." தட்டில் சாளையை எடுத்துப் போட்டாள். "அக்காளுக்குத் தெரியாதுன்னா நெனச்சிய?"

"எப்பச் சொன்னா இத?"

"மரம் பட்ட வருசமே. ரெண்டு சாள போதுமா சாரே, மூணு போடட்டா?"

இரண்டே போதும் என்றேன். அதிலும் ஒன்று மிஞ்சும்.

இந்தப் பகுதியை உனக்கு எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் நினைத்தேன். செத்துப்போனவள் மேல் பாதியை இறக்கி வைக்கிறான் என்று நீ நினைக்கலாம். அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், உன்னைச் சொன்ன சொல்லை அவள் திரும்ப எடுக்கவில்லை. அதற்கு நான் நியாயம் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்றை இப்போதுதான் பொருத்திப் பார்க்கிறேன். நீ ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், பிறகு பெங்களூரிலிருந்து, அதற்கும் பிறகு ஜெர்மனியிலிருந்து, அவள் பேசி முடித்துவிட்டு போனை என் பக்கம் நீட்டுவாள். நீட்டும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேட்பாள். "மகள்ட்ட உங்களுக்கு ஒண்ணும் சொல்லாண்டாமா?" நான் வாங்கி, "சாப்பிட்டியா மக்ளே?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அவள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், நீ டிக்கெட் போட்டாயிற்று என்று பேசிய அன்றைக்கும் கேட்டாள். அன்றைக்கும் நான் சாப்பாட்டைத்தான் விசாரித்தேன். மரத்துக்குப் பதினாலு வருஷம் காத்திருந்தவள், எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தாள். இரண்டிலும் அவளுக்குக் காய் கிடைக்கவில்லை.

ஆகவே உன் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது. மிச்சத்தை உன் அம்மாவின் மரத்து மூட்டில் ஊற்றினேன். அது பட்டது. நீ தொட்டதால் பட்டதில்லை. அந்தச் சொல் உன்னுடையது இல்லை, என்னுடையது. முகவரி மாறிப் போய்விட்டது. தவறான வீட்டில் கொடுத்த தபாலைத் திரும்ப வாங்கிவருவது எங்கள் வேலையில் சாதாரணம். பதினெட்டு வருஷம் பிந்தி யாரும் போனதாகக் கேள்விப்பட்டதில்லை.

இப்போதைய நிலவரம்: மூன்று கேனும் காலி. வாளியடியில் தங்கிய சேற்றை வெயிலில் காயவைத்து, மூடிபோட்ட டப்பாவில் அடைத்து, என்ன என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். மேல் தண்ணீரையும் எங்கும் ஊற்றவில்லை, அகலத் தட்டுகளில் வற்றிக்கொண்டிருக்கிறது. நாகர்கோவிலில் முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கிற ஒருவர், அனுமதி வாங்கிய கிடங்குக்கு அவர்கள் சேற்றை லாரியில் அனுப்பும்போது இதையும் சேர்த்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அலமாரியில் உன் கருவியைத் தேடி எடுத்தேன். செம்புக் கோடு ஒன்றுகூட அரிபடவில்லை. என் போர்டுகளில் ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக இருக்கும். புது பேட்டரி போட்டு, கம்பி இரண்டையும் தம்ளர் தண்ணீரில் வைத்தேன். கூவியது. மாடித் தொட்டியில் மாட்டியாயிற்று. தினமும் காலையில் மோட்டார் போட்டால் ஒரு தடவை கூவும். வீட்டில் என் குரல் தவிர வேறு ஒரு சத்தம்.

நீ வா என்று நான் கூப்பிடப் போவதில்லை. கூப்பிடுகிற உரிமை எனக்கு உண்டா என்பதை இந்தக் கடிதம் வந்து சேர்ந்தபிறகு நீ தீர்மானி. ஒரு செடி வாங்கு. செத்தால் இன்னொன்று வாங்கு. எல்லா வீட்டிலும் செடி சாகத்தான் செய்யும், அதற்கு வீட்டுக்கு ஓர் ஆளைப் பிடித்துக் காரணமாக்குவதில்லை.

இதை அப்படியே போட்டோ எடுத்து வாட்சப்பில் அனுப்பியிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். உன் ஊருக்கு இரண்டு வாரமாவது ஆகும், அது எனக்குத் தெரிந்த தொழில். அதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரும். நீ வழக்கம்போலச் சாயங்காலம் கூப்பிடுவாய், ஒன்றும் தெரியாமல். நான் மீன் விலையைப் பற்றிப் பேசுவேன், சாப்பிட்டியா என்று கேட்பேன். அந்த இரண்டு போனையும் நான் உன்னிடமிருந்து திருடிக்கொண்டதாக வைத்துக்கொள். வாட்சப்பில் அனுப்பாததற்கு வேறு காரணம் இல்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் போன் பக்கத்தில்தான் இருப்பேன். அது அடிக்காவிட்டால், சிக்னல் சரியில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

அப்பா